தொட்டி கலங்கினால், கோல்டு ஃபிஷ் சுணங்கினால்

"ஏனுங்க, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானுங்க சுத்திட்டு இருந்துச்சு. காலைல பாத்தா ஒருபக்கமா சாஞ்சு கெடக்குது." தொட்டி வைத்திருக்கும் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எனக்குப் போன் செய்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கடையில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது அடுத்த வார்த்தையாக வந்துவிடும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன தண்ணிங்க ஊத்தறீங்க? நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

கோவைப் பக்கம் பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் சிறுவாணி அணைத் தண்ணீரோ பில்லூர் அணைத் தண்ணீரோ சில நாளுக்கு ஒருமுறை வரும், அது நல்ல தண்ணி. மற்றதில் போர் தண்ணீர், அதுதான் உப்புத் தண்ணி. சிறுவாணி மழைநீர் மாதிரி மென்மையானது, அதில் கரைந்த உப்புகள் குறைவு. ஆயிரம் அடிப் போரிலிருந்து வருவது கடினத் தண்ணீர். வாளியில் வெள்ளைக் கோடு போடும். கோல்டு ஃபிஷ் கெண்டை இனத்து மீன், இரண்டிலும் பிழைக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே நாளில் மாற்றினால் தாங்காது. அதுபோக, இந்த இரண்டு தண்ணீரும் இரண்டு விதமான கோளாறு கொடுக்கும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் மருந்துப் பாட்டிலைத் திறக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்.

என்ன கோளாறு என்றே தெரியவில்லை, மீன் சரியில்லை

தீனியை நிறுத்துங்கள். நல்ல நிலையில் இருக்கும் கோல்டு ஃபிஷ் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஏர் பம்ப்பை முழு வேகத்தில் விடுங்கள். அப்புறம் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை அடியிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, வழக்கமாக ஊற்றும் அதே வகைத் தண்ணீரை ஊற்றுங்கள். அது குளோரின் நீக்கியதாக இருக்கட்டும். கையை விட்டுப் பார்த்தால் தொட்டித் தண்ணீரின் அதே சூடு தெரிய வேண்டும்.

நீல மருந்து இப்போதைக்கு வேண்டாம். மெத்திலீன் ப்ளூ பூஞ்சைக்கு நல்லதுதான். ஆனால் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது கொல்லும், தொட்டியின் சிலிக்கான் ஓரத்தையும் நீலமாக்கிவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் தனி டப்பில் போடுங்கள்.

தொட்டி எத்தனை லிட்டர் என்று தெரிந்து வைத்துக்கொள்வதும் முக்கியம், எல்லா அளவும் அதை வைத்துத்தான். சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 60க்கு 30க்கு 30 என்றால் 54 லிட்டர். கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் உண்மையில் 45தான் நிற்கும். ஒரு கோல்டு ஃபிஷுக்கு 40 லிட்டராவது வேண்டும் என்பது என் கணக்கு. அந்தத் தொட்டியில் ஆறு மீன் விட்டிருந்தால் இந்தக் கட்டுரை முழுக்க உங்களுக்குத் தேவைப்படும்.

தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருக்கிறது

ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஜன்னல் ஓரமாக வையுங்கள். கலக்கக் கூடாது, ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். திரும்பி வந்து பார்க்கும்போது மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

தெளிவு அடியிலிருந்து மேல்நோக்கி ஏறி, முழுக்கத் தெளிந்துவிட்டதா? அது வெறும் காற்றுக் குமிழி. அழுத்தத்தில் வந்த போர் தண்ணீரை நேராக ஊற்றினால் இப்படி ஆகும். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அப்போதுதான் ஏறிய தண்ணீரில் பிராணவாயு குறைவாக இருக்கும் என்பதால், அடுத்த முறை பக்கெட்டில் ஓர் இரவு காற்று விட்டு ஊற்றுங்கள்.

டம்ளரின் அடியில் மெல்லிய மாவு படிந்திருக்கிறதா? கல்லையும் மணலையும் சரியாக அலசாமல் போட்டிருக்கிறீர்கள். ஃபில்டர் ஓடினால் ஓரிரு நாளில் அடங்கும்.

ஒரு மணி நேரம் ஆகியும் நீர்மோர் மாதிரியே நிற்கிறதா? அதுதான் பாக்டீரியா. தொட்டி வைத்து ஒன்றிரண்டு வாரம்தான் ஆகிறது என்றால் இது எல்லார் வீட்டிலும் வருவது. மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் அம்மோனியா சேரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அளவோடு இருந்தால் பரவாயில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். பொறுமை போய்த் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினால் மறுபடி முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொட்டி பழசு, திடீரென்று வெளுத்தது என்றால் மூக்கை வைத்துப் பாருங்கள். நல்ல தொட்டி நனைந்த மண் வாசம் அடிக்கும். அழுகல் நாற்றம் வந்தால் கல்லுக்கு அடியில் தீனி அழுகுகிறது, இல்லையென்றால் அலங்காரப் பொம்மைக்குப் பின்னால் ஏதோ செத்துக் கிடக்கிறது. நாற்றம் இல்லையென்றால் போன வாரம் யார் ஃபில்டரைக் கழுவினார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்கிற வேகத்தில் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பிழிந்திருப்பார்கள். குளோரின் பட்டால் அதிலிருந்த பாக்டீரியா அத்தனையும் போச்சு. தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைத்தால் போதும். பழுப்பாக இருக்கட்டும், அதுதான் உங்கள் சொத்து.

தண்ணீர் பச்சை அல்லது மஞ்சள்

பச்சை என்றால் மிதக்கும் பாசி. தொட்டியில் வெயில் படுகிறது, தண்ணீரில் நைட்ரேட்டும் சேர்ந்திருக்கிறது. கோல்டு ஃபிஷுக்கு இது கெடுதல் இல்லை, நமக்குத்தான் மீன் தெரியாது. இரவில் பாசியும் பிராணவாயுவை எடுக்கும் என்பதால் பம்ப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். பழைய பெட்ஷீட்டால் தொட்டியை நான்கைந்து நாள் வெளிச்சம் புகாமல் மூடி, அப்புறம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்தாவிட்டால் பத்தே நாளில் மறுபடி பச்சையாகும்.

டீ நிறம் என்றால் உள்ளே வைத்த மரக்கட்டையின் சாயம், பயமில்லை. கட்டையே இல்லாமல் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் மாற்றி வெகு நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டே இருக்கிறது

இதில் நேரம் முக்கியம். எப்போது ஆரம்பித்தது என்று யோசியுங்கள்.

தண்ணீர் மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள் என்றால் குளோரின். இது என் வீட்டிலேயே நடந்தது. நான் குடியிருந்த அடுக்ககத்தில் சம்ப்பைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது, விசாரிக்காதது என் தப்பு. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுக் காபி குடித்து முடிக்கவில்லை, என் ஒராண்டா (உருண்டை உடம்புக் கோல்டு ஃபிஷ் வகை) இரண்டும் கண்ணாடியில் மோதி மோதி ஓடின. உடம்பில் வழவழவென்று வெள்ளைப் படலம், செவுள் மூடி படபடவென்று அடித்தது. மீதித் தண்ணீர் இருந்த பக்கெட்டை முகர்ந்தால் நீச்சல் குளத்து வாசம். குளோரின் நீக்கும் மருந்தைத் தொட்டி முழுக்கும் கணக்குப் போட்டு ஊற்றினேன். ஒன்று பிழைத்தது, இன்னொன்று மறுநாள் போய்விட்டது. அதிலிருந்து தண்ணீர் மாற்றும் முன் பக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் ஊற்றுவதில்லை.

கடையில் கற்கண்டு மாதிரி பொட்டலத்தில் கொடுப்பது சோடியம் தயோசல்பேட், அது குளோரினை உடனே முறித்துவிடும். அது இல்லாவிட்டால் அகலமான டப்பில் தண்ணீரைப் பிடித்து, காற்று விட்டு, 24 மணி நேரம் திறந்து வையுங்கள். சம்ப் கழுவிய வாரம் என்றால் வைத்த தண்ணீரை நம்பாமல் மருந்தையும் போடுங்கள்.

விடியற்காலையில் மட்டும் வாயைப் பிளந்து, பகலில் சரியாகிவிடுகிறது என்றால் பிராணவாயுக் குறைவு. கூட்டம் அதிகம், அல்லது யாரோ தூக்கம் கெடுகிறது என்று இரவில் பம்ப்பை அணைக்கிறார்கள். வெயில் காலத்தில் இது இன்னும் மோசமாகும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் பிராணவாயு பிடிக்கும் என்றால், 30 டிகிரியில் 7.5தான் பிடிக்கும். கோல்டு ஃபிஷுக்கு 18லிருந்து 24 டிகிரி சுகம். கோவை மார்கழி அதற்குப் பொருத்தம். சித்திரையில் ஈரோடு, கரூர் பக்கம் பெரும்பாடு. டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் வீசும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேராகக் கொட்ட வேண்டாம். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்க விடுங்கள், ஒரே நேரத்தில் ஒன்று போதும்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் போகிற நாளும் இப்படித்தான். முந்தின இரவே தீனியை நிறுத்திவிடுங்கள். பேட்டரி பம்ப் இல்லாதவர்கள் அரை மணிக்கு ஒருமுறை சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றினால் மீன் தாங்கிவிடும். மூடிய டப்பா மாதிரியான ஃபில்டர் என்றால், கரண்ட் வந்ததும் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட விடுங்கள். மணிக்கணக்கில் அடைந்து கிடந்தது கெட்டிருக்கும்.

நாள் முழுக்க வாயைப் பிளக்கிறது, செவுள் சிவந்திருக்கிறது, துடுப்பில் ரத்தக் கோடு தெரிகிறது: அம்மோனியா அல்லது நைட்ரைட். சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள், நான்கு மருந்துப் பாட்டிலை விட அது உபயோகம். லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் அம்மோனியா காட்டினாலே தண்ணீர் மாற்ற வேண்டும். உப்புத் தண்ணி வீட்டுக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். போர் தண்ணீரில் பிஹெச், அதாவது அமில-கார அளவு, அதிகம். பிஹெச் 7ல் இருக்கும் தண்ணீரோடு பார்த்தால், 8ல் அதே அளவு அம்மோனியாவின் விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. நைட்ரைட் என்றால் தண்ணீர் மாற்றுவதோடு லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் புகுவதைத் தடுக்கும். கரண்டிக் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீரை நிரப்பும்போது வெறும் தண்ணீர் போதும். வெளியே எடுத்த தண்ணீருக்கு மட்டும் உப்பு சேர்த்தால் சரி.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மீன் மட்டும் மூலையில் கிடக்கிறது

இது சிறுவாணி வீடுகளின் வியாதி. மென்மையான தண்ணீரில் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் குறைவு. ஃபில்டர் பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அந்தக் கொஞ்சமும் தீர்ந்துபோகும். ஆவியாவதை மட்டும் நிரப்பிக்கொண்டு மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பிஹெச் 6க்குக் கீழேகூட இறங்கிவிடும். அந்த நிலையில் பாக்டீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட, அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் என்ற அவ்வளவாகக் கெடுதல் செய்யாத வடிவில் இருப்பதால் மீன் சாகாது, துடுப்பைச் சுருக்கிக்கொண்டு ஒடுங்கிக் கிடக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் மீனைக் கொன்றுவிடுகிறார்கள். பாவம், தண்ணீர் மாற்றி நாளாச்சு என்று ஒரே மூச்சில் முக்கால் தொட்டியை இறைத்துவிட்டுப் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பிஹெச் சட்டென்று 8க்கு ஏறும். இத்தனை நாள் சும்மா கிடந்த அம்மோனியம் அந்த நிமிடமே விஷ அம்மோனியாவாக மாறும். "சுத்தம் பண்ணின அன்னைக்கே செத்துப் போச்சுங்க" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

இப்படிப்பட்ட தொட்டியில் தினமும் பத்தில் ஒரு பங்கு மட்டும், ஊற்றி வந்த அதே சிறுவாணித் தண்ணீராலேயே மாற்றுங்கள். ஒரு வாரம் பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை. அம்மோனியா குறைந்த பிறகு, ஊற்றும் தண்ணீரில் ஒரு குவளை, அடுத்த வாரம் இரண்டு குவளை என்று போர் தண்ணீரைக் கலந்து பழக்கலாம். பத்துக்கு ஒன்று என்ற அளவில் கலந்தாலே பிஹெச் நிலையாக நிற்கும். நொறுக்கிய சிப்பி ஓட்டை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டாலும் அதே வேலை செய்யும். குடிக்கிற ஆர்ஓ தண்ணீரை மீனுக்கும் ஊற்றுகிறவர்களுக்கு இந்தக் கோளாறு இன்னும் சீக்கிரம் வரும். மீனுக்கு ஆர்ஓ மரியாதை எல்லாம் வேண்டியதில்லை.

மல்லாந்து மிதக்கிறது, அல்லது தலைகீழாகத் தொங்குகிறது

எங்கள் அப்புச்சி ஊரிலிருந்து வந்தால் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், மடியில் பொரிப் பை. "வாயத் தொறந்து தொறந்து கேக்குதல்ல கண்ணு, பாவம்" என்பார். வந்தவருக்குச் சோறு போடாமல் அனுப்பாத ஊர்க்காரர், மீனை மட்டும் பட்டினி போடுவாரா? மூன்றாம் நாள் ரியூகின் வயிற்றைக் காட்டி மிதந்தது.

கோல்டு ஃபிஷுக்கு இரைப்பை கிடையாது. வாயில் போனது நேராகக் குடலுக்குத்தான். உருண்டை உடம்பு வகைகளான ஒராண்டா, ரியூகின் போன்றவற்றுக்கு உள்ளே இடமும் குறைவு. குடல் உப்பினால் காற்றுப்பை நசுங்கி மீன் கவிழும். மிதக்கும் தீனியை மேலே வந்து கொத்தும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும்.

இரண்டு மூன்று நாள் தீனியே வேண்டாம். அப்புறம் ஊட்டிப் பட்டாணியில் இரண்டை மெத்தென்று வேகவைத்து, தோலை உரித்து, நகத்தளவு துணுக்குகளாக நசுக்கிப் போடுங்கள். உப்புச் சேர்க்காமல் வேகவைக்க வேண்டும். சாணம் நூல் மாதிரி தொங்குவது நின்று மீன் நிமிர்ந்தால் சரியாகிவிட்டது. அதன்பிறகு மூழ்கும் தீனிக்கு மாறுங்கள், அதையும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள். ஒரு வாரம் ஆகியும் நிமிராவிட்டால் கோளாறு காற்றுப்பையிலேயே இருக்கலாம். சில மீன் அப்படியே சாய்ந்தபடி வருஷக்கணக்கில் வாழ்வதும் உண்டு.

உடம்பில் வெள்ளைப் புள்ளி

முதலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும் வரிசையாக இருந்தால் அது ஆண் மீன், இனப்பெருக்கப் பருவம். மருந்து ஊற்றிக் கெடுக்காதீர்கள்.

வால், முதுகு, உடம்பு எங்கும் ரவையைத் தூவின மாதிரி இருந்து, மீன் கல்லில் போய் உரசினால் அது ஒயிட் ஸ்பாட் ஒட்டுண்ணி. புதிதாக வாங்கிய மீனோடு வரும். பகல் இரவு வெப்பம் எகிறி இறங்கும் பருவத்தில் பெருகும். புள்ளிக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. மீனை விட்டு உதிர்ந்து, அடியில் ஒட்டிப் பெருகி, குஞ்சுகளாக நீந்தும்போதுதான் சாகும். அதனால் இரண்டு நாளில் புள்ளி மறைந்ததும் நிறுத்தினால் அடுத்த வாரம் இரண்டு மடங்காக வரும். ஹீட்டர் வைத்து மெல்ல மெல்ல 28 டிகிரிக்கு ஏற்றுங்கள். சூடு அதன் சுழற்சியை விரைவாக்கும். காற்றைக் கூட்டுங்கள். கல்லுப்பு லிட்டருக்கு மூன்று கிராம். ஒரே தடவையில் போடாமல் 12 மணி நேர இடைவெளியில் மூன்று பங்காகப் போடுங்கள். உயிர்ச் செடி இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். அடிக்கல்லை அடிக்கடி உறிஞ்சி எடுங்கள். கடைசிப் புள்ளி மறைந்து இன்னும் ஒரு வாரம் இதைத் தொடர வேண்டும்.

புது மீனை இரண்டு மூன்று வாரம் தனி டப்பில் வைத்துவிட்டுச் சேர்த்திருந்தால் இந்த வேலையே இல்லை. டப் கேவலமாக இருக்கும், ஹாலில் வைக்க வீட்டில் விட மாட்டார்கள், தெரியும். மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே வையுங்கள்.

மற்றவை

துடுப்பு ஓரம் கிழிந்து வெள்ளை விளிம்பு தெரிந்தால், தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றி ஒரு வாரம் பாருங்கள். பாதிக்குமேல் அரித்துவிட்டால்தான் மருந்து. பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தால் மீனைத் தனி டப்புக்கு மாற்றுங்கள். அங்கே நீல மருந்து போடலாம். நூல் துண்டு மாதிரி உடம்பில் தொங்கினால் அது நங்கூரப் புழு. ஈரத் துணியில் மீனைப் பிடித்து, புழு புகுந்த இடத்துக்கு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நடுவில் பிடித்தால் அறுந்து தலை உள்ளேயே தங்கிவிடும்.

வயிறு வீங்கி, மேலிருந்து பார்த்தால் செதிலெல்லாம் சிலிர்த்து நின்றால் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. பெரும்பாலும் பிழைக்காது. தனியாக வைத்து, உப்புப் போட்டு, அமைதியாக இருக்க விடுங்கள். பாவம் பார்த்து உக்கடம் குளத்திலோ நொய்யலிலோ மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள்; நோய் அங்கிருக்கும் மீன்களுக்கும் போகும். நல்ல மீனையும் விடக் கூடாது, அது நம்மூர்க் குளத்து மீன் கிடையாது.

கடைசியாக ஒன்று. அம்மோனியா கோளாறு சரியாகி, மீன் சுறுசுறுப்பாகி, தீனிக்கு ஓடி வரும் நேரத்தில் துடுப்பு ஓரத்திலும் செவுள் மேலும் கறுப்புப் படர்ந்தால் மறுபடி எனக்குப் போன் வரும். அது வெந்த இடம் ஆறுகிற தழும்பு. எதுவும் ஊற்றாமல் விட்டால் சில வாரத்தில் தானாக மறைந்துவிடும்.